கூட்டம் இல்லாத கடற்கரையில் ஜாக்கிரதை!
கடலூர், சிதம்பரம் போகிறவர்கள் கூச்சப்படாமல் விலை கேட்கவேண்டும்

1690-ம் ஆண்டு. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் ஒரு சிறிய கோட்டை விலைக்கு வந்தது.

விற்றவர்கள், செஞ்சியில் இருந்த மராத்தியர்கள். வாங்கியது, ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி. அப்போது சென்னையில் கம்பெனியின் கவர்னராக இருந்தவர் எலிகு யேல். அமெரிக்காவில் இருக்கும் பிரபலமான யேல் பல்கலைக்கழகத்துக்கு இவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? "பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும்" என்று பேச்சு முடிந்தது.

எந்தப் பீரங்கி? எவ்வளவு மருந்து கெட்டிப்பது? அதெல்லாம் சுடுகிறவனுடைய சாமர்த்தியத்துக்கு விடப்பட்டது. கம்பெனிக்காரர்கள் விடுவார்களா? பல திசைகளிலும் சுட்டார்கள். குண்டு எட்டிய இடம் வரை இருந்த ஊர்கள் எல்லாம் கம்பெனிக்குச் சொந்தமாகிவிட்டன. அந்த ஊர்களுக்குக் "குண்டு கிராமங்கள்" என்றே பெயர் ஏற்பட்டது.

அளவு என்ன என்று முதலில் பேசாமல் வியாபாரத்தை முடித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடவேண்டியதில்லை.

அதே தேவனாம்பட்டினத்தில்தான் இன்று "சில்வர் பீச்" எனப்படும் வெள்ளிக் கடற்கரை இருக்கிறது. பிள்ளை குட்டிகளோடு வருகிறவர்கள் அதே தவறைத்தான் செய்கிறார்கள்.

"எவ்வளவுங்க கேட்கிறீங்க?"

"அட, ஏறுங்கம்மா! உங்ககிட்டே என்ன பேச்சு? பார்த்துக் கொடுங்க."

இந்தக் காலத்துப் பீரங்கி அதுதான்: "பார்த்துக் கொடுங்க!" இறங்கும்போதுதான் குண்டு எங்கே போய் விழுந்தது என்று தெரியும்.

ஒருவருக்குப் பத்துப் பேர்

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுற்று வட்டாரத்துக் கோவில்களிலிருந்து சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். மணல் தெரியாத கூட்டம். காணும் பொங்கல், கோடை விடுமுறை நாட்களிலும் அப்படித்தான். அந்த நாட்களில் பிக்பாக்கெட் பயம் உண்டு. ஆனால் விலையில் ஏமாற்றுவது அவ்வளவு சுலபம் அல்ல. பக்கத்தில் நிற்கிறவர் சுண்டலுக்கு என்ன கொடுத்தார் என்பது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. நாலு பேர் வாங்கும் இடத்தில் நாலு வாய் பேசும்.

மழைக்காலத்தில் நிலைமை தலைகீழ். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கடலூர் கரை புயலுக்குப் பழகிய கரை. 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி அடித்தது. 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் கடலூர் அருகே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2015-ல் வெள்ளம் வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரைக்கு வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அப்போது லாட்ஜில் வாடகை குறையும். கூட்டம் இருக்காது. "நிம்மதியாகப் பார்த்துவிட்டு வரலாம்" என்று சில குடும்பங்கள் அந்த நாட்களில் கிளம்புகின்றன. நல்ல யோசனைதான். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. சீசனில் நூறு பேர் பின்னால் ஒரு வியாபாரி ஓடுவார். மழைக்காலத்தில் ஒரே ஒருவர் பின்னால் பத்து வியாபாரிகள் ஓடுவார்கள்.

அந்தப் பத்துப் பேரும் மோசடிப் பேர்வழிகள் அல்ல. ஒன்பது பேருக்கு அன்றைய அடுப்பு எரியவேண்டும் என்ற கவலை. பத்தாவது ஆசாமிதான் தலையில் மிளகாய் அரைக்கிறவன். ஆனால் முகத்தைப் பார்த்து யார் எவர் என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் முகத்தைப் பார்க்கவேண்டாம். விலையைக் கேட்டால் போதும்.

பணக்காரன் ஏமாறுவதற்குப் பேராசை காரணமாக இருக்கலாம். சாதாரணக் குடும்பம் ஏமாறுவதற்குப் பெரும்பாலும் கூச்சம்தான் காரணம். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது பத்து ரூபாய்க்குப் பேரம் பேச மாப்பிள்ளைக்குக் கூச்சம். பிள்ளைகளுக்கு முன்னால் "அது விலை அதிகம்" என்று சொல்லத் தகப்பனாருக்குக் கூச்சம். கோவிலில் தொகை கேட்க எல்லோருக்குமே கூச்சம். ஏமாற்றுகிறவனுக்கு வேறு முதல் தேவையில்லை. இந்தக் கூச்சமே முதல்.

எந்தக் கடலூர்?

சேலத்திலிருந்து ஒரு குடும்பம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. ஆறு மாதமாகச் சேர்த்த பணம். முதலில் கடல், பிறகு பிச்சாவரம், கடைசியில் நடராஜர் தரிசனம்.

இவர்களுக்கு முதல் குழப்பம் ரெயிலிலேயே ஆரம்பமாகிறது. கடலூரில் முக்கியமான ஸ்டேஷன்கள் இரண்டு. ஒன்று கடலூர் துறைமுகம் சந்திப்பு. இது பழைய நகரத்தில் இருக்கிறது. இன்னொன்று திருப்பாதிரிப்புலியூர். விருத்தாசலம் வழியாக வருகிறவர்களுக்குத் துறைமுகம் முதலில் வரும். விழுப்புரம் வழியாக வருகிறவர்களுக்குத் திருப்பாதிரிப்புலியூர் முதலில் வரும். வெள்ளிக் கடற்கரைக்குப் போகிறவர்கள் புதுநகர்ப் பக்கம் போகவேண்டும். அதற்குத் திருப்பாதிரிப்புலியூர்தான் வசதி. இது தெரியாமல் பழைய நகரத்தில் இறங்கிவிட்டால், வண்டிக்காரர் சொல்வதுதான் தூரம். அவர் சொல்வதுதான் கூலி.

ஆட்டோவில் ஏறுமுன் கேட்கவேண்டிய கேள்வி "எவ்வளவு?" என்பது மட்டும் அல்ல. போக மட்டுமா, போக வரவா? காத்திருப்பதற்குத் தனியா? எல்லாவற்றையும்விட முக்கியம்: வண்டிக்கா, ஆளுக்கா? "அறுபது" என்று சொல்லி ஏற்றிக்கொண்டு, இறங்கும்போது "ஆளுக்கு அறுபது, ஆக முந்நூறு" என்று சொல்கிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. பாட்டிக்கு மயக்கமே வந்துவிடும்.

மீட்டர் போட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். சென்னைக்கு 2013-ம் ஆண்டு அரசாங்கம் ஆட்டோக் கட்டணம் நிர்ணயித்தது. முதல் 1.8 கிலோ மீட்டருக்கு 25 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோ மீட்டருக்கும் 12 ரூபாய். அந்த மீட்டர் சென்னையிலேயே பட்ட பாடு ஊர் அறிந்தது. சிறிய ஊர்களில் வாய்ப்பேச்சுதான் மீட்டர்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள சங்கதி அல்ல. மேற்கிந்தியத் தீவுகளில் பார்படோஸ் என்று ஒரு தீவு இருக்கிறது. கிரிக்கெட் வீரர் சோபர்ஸ் பிறந்த தீவு. அங்கேயும் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். வெளிநாட்டுக் கூட்டம் குறைந்துவிடும். அங்கே டாக்சிகளில் மீட்டர் கிடையாது. "ஏறுமுன் கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள்" என்பதே அங்கே போகிறவர்களுக்குச் சொல்லப்படும் முதல் புத்திமதி. கோட்டு சூட்டுப் போட்ட வெள்ளைக்காரர் கூச்சப்படாமல் அதைக் கேட்கிறார். நம் ஆள் ஏன் கூச்சப்படவேண்டும்?

உயிருக்குத் தள்ளுபடி கிடையாது

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். கடற்கரையில் வேறொரு ஏமாற்று இருக்கிறது. அது உயிரோடு விளையாடுவது.

"கூட்டமே இல்லைங்க. பாதி விலைக்குக் கடலில் ஒரு சுற்று சுற்றிக் காட்டுறேன், வாங்க" என்று யாராவது மீன்பிடிப் படகைக் காட்டினால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடக்கவேண்டும். மீன் பிடிக்கும் படகு மீன் பிடிக்கத்தான். ஜனங்களை ஏற்றுவதற்கு அனுமதி வேறு, படகு வேறு, மிதவைச் சட்டை வேறு.

2011-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்தது. இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2023 மே 7-ந் தேதி கேரளத்தில் தானூர் என்ற இடத்தில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் பலியானார்கள். குழந்தைகள் பலர். இரண்டு இடத்திலும் போனவர்கள் விடுமுறையைக் கழிக்கப் போனவர்கள்தான். எந்தத் தாயும் "மிதவைச் சட்டை எங்கே?" என்று கேட்கத் தயங்கவே கூடாது. "அதெல்லாம் தேவையில்லைங்க, ஆழம் இல்லை" என்று பதில் வந்தால், அந்தப் படகில் காலை வைக்கக் கூடாது.

மழைக்காலத்தில் இன்னொரு வழக்கமும் நல்லது. கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறதா என்று காலையில் கேட்டுக்கொள்வது. கேட்பதற்குக் காசு இல்லை.

பிச்சாவரத்தில் துடுப்பா, மோட்டாரா?

சிதம்பரத்திலிருந்து கிழக்கே சுமார் 16 கிலோ மீட்டரில் பிச்சாவரம். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் அலையாத்திக் காடு. 1975-ல் வந்த எம்.ஜி.ஆரின் "இதயக்கனி" படத்தில் இந்தக் காட்டைப் பார்த்தவர்கள் உண்டு. சுனாமி வந்தபோது இந்தக் காடு பின்னால் இருந்த கிராமங்களுக்கு அலையின் வேகத்தைக் குறைத்துக் கொடுத்தது. பார்க்கவேண்டிய இடம். சந்தேகமே இல்லை.

இங்கே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை இருக்கிறது. டிக்கெட் கவுண்டரில் பணம் கட்டிப் படகு ஏறவேண்டும். வழியில் மறித்து, "அங்கே படகு இல்லை, என்னோடு வாங்க" என்று யாராவது சொன்னால், கவுண்டர் வரை போய்க் கண்ணால் பார்த்துவிட்டு நம்பலாம். புயல் எச்சரிக்கை நாட்களில் படகு விடுவதை நிறுத்திவிடுவார்கள். அன்று வேறு எவன் அழைத்தாலும் போகக் கூடாது.

படகு இரண்டு வகை. துடுப்புப் படகு, மோட்டார்ப் படகு. மோட்டார்ப் படகு அகலமான நீர்வழியில் வேகமாகப் போகும். மரங்கள் இரண்டு பக்கமும் குடை பிடிக்கிற குறுகிய கால்வாய்க்குள் துடுப்புப் படகுதான் நுழையும். எதைப் பார்க்க வந்தோம் என்று முடிவு செய்யாமல் டிக்கெட் வாங்கிவிட்டுப் பிறகு வருத்தப்படுகிறவர்கள் பலர். டிக்கெட் எத்தனை நேரத்துக்கு, எந்தப் பாதைக்கு என்று கவுண்டரிலேயே கேட்டுவிடவேண்டும்.

ஏன் என்றால், நடுத்தண்ணீரில் போன பிறகு ஒரு பேச்சு வரும். "உள்ளே அழகான வழி இருக்கு. கூட்டிப் போறேன். கொஞ்சம் தனியாப் பார்த்துக் கொடுங்க." வந்து போனவர்கள் பலர் சொல்லும் குறை இது.

இதில் ஒரு பக்க நியாயம் மட்டும் பேசக் கூடாது. துடுப்புப் போடுகிறவர் வெயிலிலும் மழையிலும் தோள் வலிக்கத் துடுப்புப் போடுகிறார். மழைக்காலத்தில் அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு நடை கிடைப்பதே அபூர்வம். தண்ணீருக்குப் பயந்த நகரத்துப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்து, நாரையையும் நண்டையும் காட்டி, பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கிறார். அவருக்கு மனம் குளிர்ந்து இருபதோ ஐம்பதோ கொடுப்பது தர்மம். ஆனால் கரைக்கு வந்த பிறகு, பிரியப்பட்டுக் கொடுப்பது வேறு. நடுத்தண்ணீரில், திரும்பிப் போக வழியில்லாத இடத்தில், பயந்து கொடுப்பது வேறு. முதலாவது அன்பளிப்பு. இரண்டாவதற்கு என்ன பெயர் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் காட்டில் தில்லை மரமும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்தது அந்த மரத்தால்தான். அதன் பால் கண்ணில் பட்டால் கண்ணுக்கே ஆபத்து. பிள்ளைகள் படகிலிருந்து கையை நீட்டிக் கிளையை ஒடிக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். இதற்கும் ஏமாற்றுக்கும் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் தெரிந்திருப்பது நல்லது.

"கோவில் மூடிவிட்டார்கள்!"

தாய்லாந்து நாட்டின் தலைநகரம் பாங்காக். அங்கே அரசரின் பெரிய அரண்மனை இருக்கிறது. வாசலுக்குச் சற்றுத் தள்ளி ஒருவன் நாகரிகமாக உடுத்திக்கொண்டு நிற்பான். "இன்று அரண்மனை மூடிவிட்டார்கள். வேறு நல்ல இடம் காட்டுகிறேன்" என்பான். வண்டியில் ஏற்றி ரத்தினக் கல் கடையில் கொண்டுபோய் விடுவான். அரண்மனை திறந்துதான் இருக்கும். உலகம் முழுவதும் தெரிந்துபோன தந்திரம் இது. இன்னும் ஆள் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

சிதம்பரத்தில் ஒரு வித்தியாசம். நடராஜர் கோவில் உண்மையிலேயே மத்தியானம் நடை சாத்தி, மாலையில் திறக்கும். ஆகவே "மூடிவிட்டார்கள்" என்று சொல்கிறவன் பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. அந்த நாலைந்து மணி நேரத்துக்கு வெளியூர்க்காரர் என்ன செய்வார் என்பது அவனுக்குத் தெரியும். கடை காட்டுவான். ஜோசியம் பார்க்க அழைப்பான். "சாயந்திரம் கூட்டம் நெரியும். நான் தனி வழியில் தரிசனம் பண்ணி வைக்கிறேன்" என்பான்.

மழைக்காலத்துச் சாதாரண நாளில் எந்தக் கூட்டமும் நெரியாது. கூட்டம் நெரிவது ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும்தான். கோவிலுக்குள் போவதற்குக் கட்டணம் கிடையாது. சிதம்பர ரகசியம் என்பது திரைக்குப் பின்னால் தங்க வில்வ இலை மாலை தொங்கும் இடம். அங்கே வெட்டவெளிதான் இறைவன். அதைக் காட்டுவதற்குத் தெருவில் நிற்கும் தரகர் தேவையில்லை. உள்ளே போய்ப் பூஜை செய்கிறவர்களையே கேட்கலாம்.

கோவில் நிர்வாகம் யாருக்கு என்ற வழக்கு நெடுங்காலம் நடந்தது. 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பொது தீட்சிதர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்த விவகாரம் வேறு. அதில் எந்தக் கட்சியைச் சேர்ந்தவரானாலும் ஒன்றை ஒப்புக்கொள்வார்: அர்ச்சனைக்கும் அபிஷேகத்துக்கும் தொகை என்ன என்று முன்கூட்டிக் கேட்பது சாமி குற்றம் ஆகாது. "உங்க மனசுப்படி" என்று பதில் வந்தால், மனசுப்படியே கொடுக்கலாம். அப்புறம் முகம் சுளிக்கக் கண்டால் அதற்காகத் தலை குனியவேண்டியதில்லை. ஐந்து ரூபாய் கற்பூரம் ஏற்றினாலும் அதே நடராஜர்தான்.

கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஸ்படிக மாலை வாங்குகிறவர்கள் உண்டு. சிதம்பரத்தில் ஸ்படிக லிங்கத்துக்குத் தினமும் அபிஷேகம் நடப்பதால், அந்த மாலை மேல் ஆசை வருவது இயற்கை. நாணயமான கடைகளும் இருக்கின்றன. ஆனால் கண்ணாடி மணியை ஸ்படிகம் என்று தலையில் கட்டுவது எல்லாப் புண்ணியத் தலங்களிலும் நடக்கிறது. கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தால், கண்ணாடி மணிக்குள் சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் தெரியலாம். ஸ்படிகத்தில் அப்படி உருண்டையான குமிழ் இருக்காது. ஸ்படிகம் கண்ணாடியைவிடக் கடினம். கண்ணாடித் துண்டின் மேல் அழுத்தித் தேய்த்தால் கண்ணாடியில் கோடு விழும். "தேய்த்துப் பார்க்கலாமா?" என்று கேட்டதும் கடைக்காரர் முகம் மாறினால், மாலையைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பணத்தில் குடும்பத்தோடு சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிடலாம். சிதம்பரத்தில் அதற்குப் போலி கிடையாது!

செல்போனில் வரும் வலை

ஊருக்கு வந்த பிறகு ஏமாறுவது பழைய காலத்து முறை. இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே பட்டை நாமம் போட்டுவிடுகிறார்கள்.

செல்போனில் "ரூம்" என்று தேடினால் அழகான படங்கள் வருகின்றன. கடல் தெரிகிற அறை. பாதி வாடகை. "சீசன் இல்லை, அதனால் தள்ளுபடி. இப்போதே பணம் அனுப்பினால்தான் இந்த விலை." பணம் போகும். போனவர்கள் அந்த முகவரியில் ஒரு காலி மனையைப் பார்ப்பார்கள். போன் செய்தால் மணி அடிக்காது. யாத்திரை போகிறவர்களைக் குறிவைத்து இப்படிப் போலி இணையதளங்கள் நடத்தப்படுவதாக, 2025 ஏப்ரலில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் இணையக் குற்றத் தடுப்பு மையமே எச்சரிக்கை விடுத்தது. கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட் முதல் தங்கும் விடுதி வரை இந்த வலை விரிகிறது.

மழைக்காலத்தில் கடலூரிலோ சிதம்பரத்திலோ அறை கிடைக்காமல் தெருவில் நிற்கவேண்டி வராது. நேரில் போய், அறையைப் பார்த்து, பாத்ரூமில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்த்து, அப்புறம் பணம் கொடுத்தால் போதும். ரசீது வாங்கவேண்டும்.

இன்னொரு தந்திரம்: "உங்கள் முன்பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம். இந்தக் கட்டத்தைப் படம் பிடித்து, ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று வரும். பணம் அனுப்புவதற்குத்தான் ரகசிய எண் தேவை. பணம் வாங்குவதற்குத் தேவையே இல்லை. இதைப் பாட்டி உள்பட வீட்டில் செல்போன் வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்லி வைக்கவேண்டும். தப்பித் தவறிப் பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யவேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியில் மறிக்க வாய்ப்பு உண்டு. "வெளியே தெரிந்தால் வெட்கம்" என்று ஒரு நாள் தள்ளிப்போட்டால் பணம் நாலு கை மாறிவிடும். இங்கும் அந்தக் கூச்சம்தான் எதிரி.

நின்று படியுங்கள்

ரோட்டோரத்தில் பண்ருட்டி முந்திரிப் பருப்பு வாங்குகிறவர்கள் தராசைப் பார்க்கவேண்டும். தராசுக்கு அரசாங்க முத்திரை உண்டு. தட்டு காலியாக இருக்கும்போது எண் பூஜ்யத்தில் நிற்கவேண்டும். பாக்கெட்டில் அடைத்த சாமானில் எடையும் அதிகபட்ச சில்லறை விலையும் அச்சிட்டிருக்கவேண்டும். தண்ணீர் பாட்டிலுக்கு "கூலிங் சார்ஜ்" என்று இரண்டு ரூபாய் சேர்த்துக் கேட்பது சட்டப்படி தவறு. அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு பைசா வாங்கக் கூடாது.

இதற்கெல்லாம் எழுத்து தெரிந்தால் போதும். பெரிய படிப்பு வேண்டாம். புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள், கடையில் நின்று பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கக் கூச்சப்படுகிறார்கள். பின்னால் நிற்கிறவர் சிரிப்பாரோ என்று பயம். சிரித்தால் சிரிக்கட்டும்! பில்லை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படிக்கிற அம்மாளை எந்த ஓட்டல்காரரும் இரண்டாவது தடவை ஏமாற்றத் துணியமாட்டார்.

ஏமாந்துபோனால் முறையிட இடம் இருக்கிறது. நுகர்வோர் உதவிக்கு 1915. சுற்றுலாப் பயணிகளுக்கு 1363. போலீசுக்கு 100 அல்லது 112. எடை, விலை மோசடிகளைத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை அதிகாரிகள் விசாரிக்கிறார்கள். பெரிய தொகை என்றால் மாவட்ட நுகர்வோர் கமிஷனில் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. கடலூரில் ஏமாந்த சேலத்துக்காரர் கடலூருக்கு அலையவேண்டியதும் இல்லை. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி சொந்த மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இது பலருக்குத் தெரியாது.

ஊரார் செய்யவேண்டியது

எல்லாப் பாரத்தையும் வருகிறவர்கள் தலையிலேயே ஏற்றுவது நியாயம் அல்ல. விருந்தாளி வீட்டு வாசலில் ஏமாந்து நின்றால் அவமானம் வீட்டுக்காரருக்கு. பத்தாவது ஆசாமி ஒருவன் ஐந்நூறு ரூபாயை அடித்துக்கொண்டு கம்பி நீட்டிவிடுகிறான். அந்தக் குடும்பம் ஊருக்குப் போய் அக்கம் பக்கத்தில் சொல்கிறது. அடுத்த வருஷம் அந்தத் தெருவிலிருந்து யாரும் கடலூர் பக்கம் வருவதில்லை. நஷ்டம் யாருக்கு? சுண்டல் விற்கும் கிழவிக்கு. நேர்மையாக ஓட்டும் ஆட்டோக்காரருக்கு. அந்த ஒன்பது பேர் வாயை மூடிக்கொண்டு இருப்பதால்தான் பத்தாவது ஆள் பிழைக்கிறான்.

கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. மாநகராட்சி என்ற பெயருக்குத் தகுந்தபடி ஒரு காரியம் செய்யலாம். செலவும் அதிகம் இல்லை. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வாசலிலும், துறைமுகம் சந்திப்பிலும், வெள்ளிக் கடற்கரையில் வண்டி நிற்கும் இடத்திலும் விலைப்பலகை வைக்கவேண்டும். சிதம்பரத்தில் பஸ் நிலையத்திலும் கீழ வீதியிலும் அப்படியே. மூலையில், கம்பத்துக்குப் பின்னால், எறும்பு எழுத்தில் அல்ல. பாட்டி கண்ணாடி இல்லாமல் படிக்கிற மாதிரி, கை அகல எழுத்தில், நல்ல தமிழில் எழுதவேண்டும். ஆட்டோ ஓட்டுகிறவர்களின் சங்கத்தையும் அழைத்து, அவர்களுக்குக் கட்டுப்படியாகும் தொகையாகப் பேசி முடிவு செய்யவேண்டும். பெட்ரோல் விலை ஏறினால் பலகையையும் மாற்றவேண்டும். கட்டுப்படியாகாத விலையை எழுதி வைத்தால் சென்னை மீட்டரின் கதைதான் ஆகும்.

பலகையில் எழுதவேண்டியது கொஞ்சம்தான். கடற்கரைக்குப் போக இவ்வளவு. போய் வர இவ்வளவு. காத்திருந்தால் மணிக்கு இவ்வளவு. அதற்குக் கீழே எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில்: வண்டிக்கு, ஆளுக்கு அல்ல.